கடைசிப் பந்து வரை அசையாதீங்க

நான் பஸ் கண்டக்டர். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிற ஆள் இல்லை. மீன் கூடையோடு ஏறுகிறவர்கள், குடித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் மேல் வாந்தி எடுக்கிறவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீட்டின் தலையில் கால் போடுகிறவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஷிப்ட் முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் அன்று மத்தியானம் அக்கா வீட்டு வாசற்படியில் பையோடு நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

மூடி வைத்த பக்கெட்டில் பல நாள் ஊறிய துண்டு ஒரு வாடை அடிக்குமே, அந்த வாடை. அதை மறைக்க யாரோ மேலே முகப்பவுடரைக் கொட்டிய மாதிரி இன்னொரு வாடை. கதவு இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் இரண்டும் இடுக்கு வழியாக வந்துவிட்டன.

கதவைத் திறந்தவன் அத்தானின் தம்பி. மேட்ச் ஓடும்போது டிவியில் பேசுகிறவர்களை முந்திக்கொண்டு இவன் பேசுவதால் வீட்டில் இவனுக்குப் பெயரே கமென்ட்ரி என்று ஆகிவிட்டது. கதவைத் திறந்தானே தவிர முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"வாங்க கண்டக்டரம்மா. அங்கேயே நில்லுங்க. ஓவர் முடிஞ்சதும் உள்ள வரலாம்."

"எதுக்கு?"

"புது ஆள் உள்ள வந்தா விக்கெட் விழுந்துடும்."

"நான் உள்ள வந்தா அவனுக்கு என்னய்யா ஆகும்? அவன் எங்கேயோ இருக்கான்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றான், பெரிய ஞானி மாதிரி.

அவனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போனேன். பழைய வீடு, தாழ்ந்த கூரை. கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் உண்டு. அந்த ஜன்னலை அடைத்து டிவியை மாட்டியிருந்தார்கள். சுவரில் பாதி அதுதான். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே நிறம் மாறி மாறி அடிக்கிற இருட்டு. தரை முழுக்கக் கடலைத் தோல். நடந்தால் காலடியில் ஒட்டியது.

தரையில் மேல்வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். போட்டித் தொடர் ஆரம்பித்த நாளில் போட்ட சட்டையை இன்னும் துவைக்கவில்லை, துவைத்தால் ராசி போய்விடுமாம். அக்குளில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக வட்டம் கட்டியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் அத்தான். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, சிலை மாதிரி. அப்படி உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு சிக்ஸர் அடித்தானாம், அதனால் அப்படியே இருக்க வேண்டுமாம்.

"எப்படி இருக்கு படம்?" என்றான் கமென்ட்ரி. "எவ்வளவு துல்லியம் பாருங்க. பௌலர் மூக்குல இருக்கற முடியைக்கூட எண்ணலாம்."

பார்த்தேன். அந்தப் பௌலர் சரியாக அப்போதுதான் மூக்கைச் சிந்தி விரலைப் பேண்டில் துடைத்தார். சிந்தியது என்ன நிறம் என்று தெரிந்தது. பிறகு துப்பினார். எச்சில் நூல் உதட்டிலிருந்து அறுபடாமல் தொங்கியதை மெதுவாக இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்கள். வாய் நிறையக் கடலையோடு மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீ என்று வந்தது எனக்கு.

"அக்கா எங்கே?"

இருட்டுக்குக் கண் பழகியதும்தான் தெரிந்தது. அவள் என் எதிரிலேயேதான் இருந்தாள். டிவிக்கு நேர் எதிரே, பின்னால் சாய்ந்துகொள்கிற அந்தப் பெரிய சோபா நாற்காலியில் கிடந்தாள். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் கால் பலகை மேலே வருமே, அந்த மாதிரி நாற்காலி. அது அத்தானின் அப்பாவுடையது. அவர் போன வருஷம் இறந்துவிட்டார்.

நல்ல மனுஷன் அவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எப்போதும் முகத்துக்குப் பவுடர் போட்டிருப்பார். யார் வந்தாலும், என்னை மாதிரிச் சின்னவள் வந்தால்கூட, கைப்பிடியை இழுத்துக் காலை இறக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று "வாம்மா" என்பார். உட்காருங்க என்றாலும் கேட்க மாட்டார். கிரிக்கெட் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ரேடியோவில் செய்தி கேட்பார், அவ்வளவுதான்.

அக்கா வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: படுக்கலாம், நடக்கலாம், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும், கட்டினது நெஞ்சுக்குப் போனால் ஆளே போய்விடுவாள். அதைக் கவனித்துக்கொள்ளத்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

அவள் பாதம் இரண்டும் வீங்கி மினுமினுத்தன.

"எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கே?"

"மேட்ச் ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றாள், உதடு அசையாமல்.

"எந்திரி. கொஞ்சம் நடக்கலாம்."

"அசையாதே!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மெத்தென்று இருக்கிறதே என்று அக்கா அதில் சாய்ந்திருக்கிறாள். தோற்க வேண்டிய மேட்சில் நம் டீம் ஜெயித்துவிட்டது. அடுத்த மேட்சுக்கும் அவளை உட்கார வைத்தார்கள். அதிலும் ஜெயித்தார்கள். அதோடு அக்காவுக்கு ராசிக்காரி பதவி கிடைத்துவிட்டது.

நான் குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். கனத்தது. என் அக்கா ஒல்லி. ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் இளைத்திருந்தாள். அவளைத் தூக்க அவ்வளவு பலம் வேண்டியதில்லை. எதிலிருந்தோ பிய்த்து எடுப்பது மாதிரி இருந்தது. டிவியில் ஏதோ சத்தம் கேட்டு மேல்வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் நைட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரம்.

பாத்ரூமுக்குக் கூட்டிப் போனதும் அக்கா அழ ஆரம்பித்தாள். "நான் இல்லடி. சத்தியமா நான் இல்ல. நான் அடக்கிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"சரி விடு, ஒடம்பு சரியில்லாதப்ப இதெல்லாம் சகஜம்" என்று நைட்டியை வாங்கி அலசினேன். ஆனால் எனக்கே புரியவில்லை. அப்போதுதான் நனைந்த துணி இளஞ்சூடாக இருக்க வேண்டும். இது ஐஸ் மாதிரி இருந்தது. அலச அலசப் பழைய வாடை வந்தது, பவுடர் வாடை.

மறுநாள் மேட்ச் இல்லை. ஆண்கள் வேலைக்குப் போனார்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த நாற்காலியை ஒரு கை பார்ப்பது என்று இறங்கினேன். மெத்தையைத் தூக்கினேன். இடுக்கு முழுக்கக் கடலைத் தோல். வீட்டில் கிடக்கிற மற்ற தோல் எல்லாம் காய்ந்து பறக்கிறது, இது ஊறி உப்பி, விரலில் கொழகொழவென்று அப்பியது. அதை வழித்துப் போட்டபோது நடுவில் ஒரு நகம் வந்தது. தடித்த, மஞ்சள் நிறமான, வயசானவர் கால் நகம். வெட்டிய நகம் இல்லை. முழுசாக வேரோடு கழன்றது.

தலை சாய்க்கிற இடத்தில் நரைமுடி. துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால் இன்னும் கொஞ்சம் இருந்தது.

மெத்தையைப் பின்பக்கம் இழுத்துப் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்து, சாயங்காலம் வரை வெயிலில் காய வைத்தேன். கட்டை மாதிரி காய்ந்தது. உள்ளே கொண்டுவந்து பொருத்தினேன். அப்பாடா என்று கை கழுவிவிட்டு வந்து ஒரு தடவை உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

ஈரம்.

நடுவில் மட்டும், ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு.

அத்தான் வேலையிலிருந்து வந்தார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நேராக நாற்காலியிடம் போய் மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"யாரைக் கேட்டு இதை வெளிய எடுத்தே?"

"நாறுது அத்தான். உள்ள என்னென்னமோ கிடக்குது."

"அது அப்படியே இருக்கட்டும். அதைத் தொடாதே."

சாப்பாட்டு நேரத்தில் கமென்ட்ரி தானாகவே பேச்சை எடுத்தான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

"எங்கப்பா மாதிரி ஒரு ராசிக்காரரை நீங்க பார்த்திருக்கவே முடியாது. போன வருஷம் ஃபைனல். அவரு அந்த நாற்காலியில உட்கார்ந்தாரு, நம்மாளுங்க வெளுத்து வாங்கறாங்க. நடுவுல ஒரு தடவை, 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்குப்பா, எந்திரிக்கட்டுமா'ன்னு கேட்டாரு. 'கொஞ்சம் பொறுங்கப்பா, அசையாதீங்க'ன்னோம். மனுஷன் கடைசிப் பந்து வரைக்கும் அசையவே இல்லையே!"

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். சாவுக்கு வந்தபோது எங்களிடம் சொன்னது வேறு. ஜெயித்த சந்தோஷத்தில் உயிர் போய்விட்டது, கொடுத்து வைத்த மரணம் என்றார்கள்.

"கடைசிப் பந்து வரைக்கும் உயிரோட இருந்தாரா?"

கமென்ட்ரிக்கு வாய் அடைத்து நான் பார்த்தது அன்றுதான். அத்தானைப் பார்த்தான்.

"எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

"நம்ம பேட்டிங் பாதி போயிருக்கும்" என்றார் அத்தான், தட்டைப் பார்த்தபடியே. "கூப்பிட்டேன். பேசல. கையைத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு."

"தொட்டுட்டு?"

"இன்னும் நிறைய ரன் வேணும்மா. போன உயிரு போயிடுச்சு. உடனே எடுத்து என்ன ஆகப்போகுது? அவரை அசைச்சு, விக்கெட்டும் விழுந்துட்டா..."

"கடலைக் கிண்ணம் வேற அப்பா மடியில இருந்துச்சு" என்றான் கமென்ட்ரி. பேச்சு தடைப்பட்டால் அவனுக்குப் பொறுக்காது. "அதை எடுத்தாலும் அசையும்ல? அதனால அங்கேயே விட்டுட்டோம்."

"விட்டுட்டு?"

"அதுலேர்ந்தே எடுத்துச் சாப்பிட்டோம்."

நான் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். தின்ற ஒரு வாய் சோறு மட்டும் இல்லை, அந்த வீட்டில் குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. அட பாவிகளா. பெற்ற அப்பன் மடியில், அவர் மூத்திரத்தில் நனைந்து குளிர்ந்து கிடக்கும்போது, கையை விட்டு எடுத்து எடுத்துத் தின்றிருக்கிறார்கள். என் பஸ்ஸில் ஒரு நாய் அடிபட்டால்கூட வண்டி நிற்கும்.

அக்கா படுக்கையில் விழித்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. என் கையைப் பிடித்துக் குசுகுசுவென்று சொன்னாள்.

"அன்னைக்கு நான் வீட்ல இல்ல, எனக்கு யாரும் சொல்லலடி. ஆனா அதுல உட்கார்ந்தா காதுக்குப் பின்னால ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மாத்திரை மயக்கம்னு நினைச்சேன்."

"என்ன கேக்கறாரு?"

"எந்திரிக்கட்டுமான்னு."

மறுநாள் அரையிறுதி. மேட்ச் தொடங்குவதற்குள் அவளை என் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன். துணிமணியை அடுக்கி, அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கார் பிடிக்க மெயின் ரோட்டுக்குப் போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் கிடந்தது. ஸ்டாண்டில் டிரைவர்கள் ஒரு போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடைசியில், மேட்ச் பாதி தாண்டிய பிறகு, கிரிக்கெட் பிடிக்காத ஒரு புண்ணியவான் வந்தார்.

திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

கூடத்தில் அக்காவை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். கால் பலகை மேலே தூக்கியிருந்தது. அவள் பாதம் வீக்கத்தில் ஊதா நிறமாகியிருந்தது. கடலைக் கிண்ணம் அவள் மடியில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்வீட்டுக்காரர் கையை நீட்டி அதிலிருந்து அள்ளினார்.

"அவ காலைப் பாருங்க அத்தான். உங்க பெண்டாட்டி செத்துப்போயிடுவா."

"ஜெயிக்கிற நிலைமைம்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

நான் கிண்ணத்தைப் பிடுங்கி வீசினேன். கடலை சிதறியது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். அவள் ஒரு விரற்கடை கூட வரவில்லை.

"முடியலடி" என்றாள். மூச்சு வாங்கியது. "பிடிச்சுக்கிட்டிருக்காரு."

ஓவர் முடிந்தது. விளம்பரம் வருவதற்கு முன் திரை ஒரு கணம் கறுத்தது.

அவ்வளவு பெரிய கண்ணாடித் திரை. கறுத்தால் கூடம் முழுவதும் அதில் தெரியும். தரையில் மூன்று பேர். நான். அக்கா.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் தோளுக்கு மேலே நரைத்த தலை ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் திறந்து, கன்னம் தொங்கி. அவள் கைகளுக்கு வெளியே இன்னும் இரண்டு கைகள், நாற்காலியின் கைகளை இறுகப் பற்றியபடி. பிடித்துக்கொண்டிருந்தது அவளை இல்லை. எழுந்திருக்கத் தோது பார்த்து, உத்தரவு கிடைக்காமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் வந்தது. யாரோ ஒருத்தி சோப்புப் போட்டுச் சிரித்தாள்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கண் திரையிலிருந்து அப்போதுதான் கீழே இறங்கியது. அவரும் பார்த்திருக்கிறார். இன்றைக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு ஓவருக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"திரை கறுக்கும்போது அங்க பார்க்காதே" என்று மெல்லச் சொன்னார். "பழகிடும். அப்பாவும் நம்ம டீமுக்காகத்தானே உட்கார்ந்திருக்காரு."

எனக்குப் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்து வந்த பயத்தைவிட, இந்த மனிதனைப் பார்த்து வந்த அருவருப்புதான் பெரிதாக இருந்தது. தூ.

மேட்ச் திரும்ப ஆரம்பித்தது. அப்போது அக்காவின் தலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஈரமான குரல். தொண்டையில் கோழை கட்டிய குரல்.

"முடிஞ்சுதாப்பா?"

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எந்திரிக்கட்டுமா?"

"அசையாதீங்க!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். பழக்க தோஷம். கண்ணைத் திரையை விட்டு எடுக்காமலேயே, செத்தவருக்கு உத்தரவு போட்டார்கள்.

எனக்கும் ஒரு பழக்க தோஷம் உண்டு. கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் தூங்குகிறவர்களை எழுப்பி இறக்க வேண்டும். வயசானவர்கள் இடம் தெரியாமல் முழிப்பார்கள், கம்பியை விட மாட்டார்கள். அவர்களிடம் சொல்வதற்கென்று என் வாயில் நாலு வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும். யோசித்துச் சொல்வதில்லை. அன்றும் யோசிக்கவில்லை.

"எந்திரிங்க பெரியவரே" என்றேன். "கடைசி ஸ்டாப் வந்துடுச்சு. எல்லாரும் இறங்கியாச்சு. பார்த்து, மெதுவா, என் பின்னாடியே வாங்க."

கூடத்தில் டிவி சத்தத்துக்கு அடியில் ஒரு நிசப்தம் வந்தது.

நாற்காலியின் பக்கவாட்டுக் கைப்பிடி தானாக நகர்ந்தது.

டடக்.

கால் பலகை கீழே இறங்கியது. அக்கா முன்னால் சரிந்து என் மேல் விழுந்தாள், காற்று மாதிரி லேசாக. அவளைத் தாங்கிப் பிடித்தபோது என் தோளை ஒட்டி யாரோ முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி, நிமிர்ந்தார்கள். பவுடர் வாடை என் முகத்துக்கு நேராக வந்தது.

டிவியில் ஸ்டம்பு பறந்தது.

"போச்சே!" என்று அத்தான் அலறினார். அவர் பெண்டாட்டி என் தோளில் மயங்கிக் கிடக்கிறாள், அவர் ஓடிப்போய்க் காலியான நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேல்வீட்டுக்காரர் வாயில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அக்காவைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். கார்க்காரர் கதவைத் திறந்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பெரியவரும் வர்றாராம்மா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். அத்தான் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். என் வீடு ஒரு அறையும் சமையலறையும்தான். டிவி கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி உண்டு.

வந்த அன்றைக்கே அது நனைந்திருந்தது.

துடைத்தேன். திரும்ப நனைந்தது. ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு வைத்தேன். காலையில் அதைப் பிழிந்து காயப்போடுவேன். பிழிகிற தண்ணீர் விரலில் பிசுபிசுக்கும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் வாடை போகாது. ஆனால் வேறு தொந்தரவு இல்லை. யாராவது கதவைத் தட்டினால் மட்டும் நாற்காலி லேசாகக் கிறீச்சிடும், யாரோ எழுந்து நிற்பது மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண் வந்தபோதும் கிறீச்சிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன்.

பிறகு அத்தான் போன் செய்தார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்.

"அரையிறுதி எப்படியோ ஜெயிச்சுட்டோம்" என்றார். "ஆனா நாற்காலி காஞ்சு போச்சு. நாங்களே தண்ணி ஊத்திப் பார்த்துட்டோம், ஈரம் நிக்க மாட்டேங்குது. அப்பா அங்க இருக்காரா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

ஃபைனல் அன்று வெயில் ஏறிய நேரம். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். படியில் பல கால்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. பாரமான எதையோ தூக்கிக்கொண்டு, முட்டி மோதி, "பார்த்து, பார்த்து, கண்ணாடி" என்று ஒருத்தன் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். முன்னால் அத்தான், பின்னால் கமென்ட்ரி, நடுவில் அந்தச் சுவரளவு டிவி. ஓரத்தில் மேல்வீட்டுக்காரர், அதே சட்டையோடு, கையில் கடலைக் கிண்ணத்தோடு.

கதவைத் தட்டினார்கள்.

"கண்டக்டரம்மா, சீக்கிரம் திறங்க. டாஸ் போட்டுட்டாங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. வழக்கம்போல எழுந்து நிற்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இழுபடுகிற இரண்டு காலடிகள் தரையில் சளக் சளக் என்று என்னைத் தாண்டிப் போயின. குளிர்ந்த தோள் ஒன்று என் கையில் உரசியது.

"அப்பா!" என்றார் அத்தான் வெளியிலிருந்து. ஆசையாக, குழைந்து கூப்பிட்டார். "அப்பா, உள்ளதான இருக்கீங்க? வந்து உட்காருங்கப்பா. இந்த ஒரு மேட்ச்தான்."

என் காதுக்கு மிக அருகில் அந்தக் கோழை கட்டிய குரல் நடுங்கியது.

"திறக்காதேம்மா."

நான் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தது. இன்னொரு கை அதற்கு முன்பே அதைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது.